மரைக் கிட் வாங்கி நாலு வருடம்: ஒரு லாரி, ஏழு ஓட்டை

எட்டு போல்ட்டில் ஏழு இறுகிவிட்டது. எட்டாவது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. "ஓனரே, மரை பூடுச்சு" என்றான் ஷெட் பையன், மழை வருது என்று சொல்கிற மாதிரி. மரை என்றால் போல்ட் பிடித்து ஏறும் சுருள் வெட்டு.

மாதவரத்திலிருந்து மணலி போகிற வழியில் ஒரு ஷெட். பின்சக்கரத்துக்கு பிரேக் லைனிங் மாற்றும் வேலை. என் வண்டியில் அதற்கு, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்டை உருவாமல் முடியாது. ஷாஃப்டின் தட்டை ஹப்போடு (சக்கரத்தின் நடுக்குடம்) பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றி, ஷாஃப்டை இழுத்து, ஹப் நட்டைத் திறந்து, ஹப்பும் டிரம்மும் ஒன்றாக வெளியே வந்த பிறகுதான் லைனிங் கண்ணில் படும். கழற்றும்போது யாரும் மரையைப் பார்ப்பதில்லை. பூட்டும்போதுதான் தெரியும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிந்தால் சாத்தாங்காட்டில் கம்பி லோடு.

மேஸ்திரி மூன்று யோசனை சொன்னார். ஏழு போல்ட் போதும், ஓட்டு. இல்லையென்றால் ஓட்டையைப் பெரிதாக்கி எம்14, அதாவது 14 மில்லி போல்ட் போடலாம். அதுவும் வேண்டாமென்றால் செம்புக் கம்பியில் ஓர் இழையை உள்ளே விட்டு முறுக்கலாம், பிடித்துக்கொள்ளும். முதல் யோசனையில் எனக்கு விருப்பமில்லை. வண்டியை நகர்த்தும் முறுக்கு விசை முழுக்க அந்தத் தட்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஒன்று இல்லாவிட்டால் பக்கத்திலுள்ளவை தளரும், ஹவுசிங் ஆயில் வழியும், அப்புறம் ஒவ்வொன்றாக வெட்டுப்படும். எம்14 போட்டால் ஷாஃப்ட் தட்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். செம்புக் கம்பியைக் கேட்டு அன்று சிரித்தேன். ஆனால் பிற்பாடு நான் காசு கொடுத்து வாங்கிய சாமான் அதே யோசனையின் ஒழுங்கான வடிவம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மரை ஏன் போனது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. முந்தைய தடவை வேறோர் இடத்தில் வேலை செய்தபோது ஒரு போல்ட் தொலைந்திருக்கிறது. அதற்குப் பதிலாக ஹார்டுவேர் கடை எம்12 போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். சாதாரணமாகக் கடையில் எம்12 என்று கேட்டால் 1.75 பிட்ச் போல்ட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பிட்ச் என்பது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மில்லியில். என் ஹப்பில் இருப்பது 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு சுற்று கையாலேயே போகும், பிறகு பிடிக்கும். அங்கே நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. துரு என்று நினைத்து, காற்றழுத்தத்தில் போல்ட்டை முறுக்கும் ஏர் கன்னை வைத்து அழுத்தினால் போல்ட் தனக்கு வேண்டிய மரையைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அன்றைக்கு இறுகும், அடுத்த தடவை சுற்றும்.

முதலில் மலிவாக ஒரு டேப் செட் வாங்கினேன். டேப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி. பேர் வேண்டாம். பெட்டி அழகாக இருந்தது. இருக்கிற மரையைச் சரிசெய்யலாம் என்று விட்டதில் இரண்டாவது நிமிடமே டேப் உள்ளே உடைந்தது. மரை போன ஓட்டையைவிட டேப் உடைந்த ஓட்டை பெரிய தலைவலி. டேப் இரும்பு அவ்வளவு கடினம், சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். அது மட்டமான கார்பன் ஸ்டீல் என்பதால் லேத் பட்டறையில் பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டித் தூளாக்கி எடுத்தார்கள். நல்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டேப்பாக இருந்து உடைந்திருந்தால், மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் தேடி ஹப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். கம்பி லோடு போனது, ஒரு நாள் வாடகை போனது.

அந்த வாரமே பாரிமுனைக்குப் போய் மூன்று சாமான் வாங்கினேன்: எச்எஸ்எஸ் டேப் செட், பிட்சை அளக்கும் பிட்ச் கேஜ், கெட்ட மரையைச் சரிசெய்ய எம்12 க்கு 1.5 பிட்சில் ஹீலிகாயில் கிட். கிட்டுக்குள் ஒரு டிரில் பிட், அதற்கென்றே வரும் தனி டேப், காயில் ஏற்றும் கருவி, காயிலின் அடிமுனையில் நீட்டியிருக்கும் நாக்கை உடைக்கும் குச்சி, ஒரு பாக்கெட் காயில். காயில் என்பது ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சுருட்டிய ஸ்பிரிங். கெட்ட மரையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, பெரிய மரை வெட்டி, அதில் இந்தச் சுருளை ஏற்றினால் உள்ளே பழையபடி எம்12 ஓட்டை கிடைக்கும். போல்ட்டை மாற்ற வேண்டாம், ஷாஃப்ட் தட்டைத் தொட வேண்டாம். சுருள் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாகச் சுற்றப்பட்டிருப்பதால் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டும் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 14 மில்லி வரும். ஓட்டையைச் சுற்றி அவ்வளவு இரும்பு இருக்கிறதா? ஓரத்தில் இருக்கும் ஓட்டையென்றால் விட்டுவிடுங்கள்.

நாலு வருடத்தில் ஏழு ஓட்டைகளுக்குப் போட்டேன். என் ஹப்பில் மூன்று, ஷெட் நண்பர்களுக்கு நான்கு. ஆறு நின்றது, ஒன்று தோற்றது. தோற்றதற்குக் காரணம் கிட் இல்லை, நான்தான். ஹப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு, வண்டியிலேயே வைத்துக் கை டிரில்லில் போட்டேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த ஓட்டையில் டேப்பும் சாயும், போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டும் உட்காரும். அடுத்த லைனிங் வேலையில் போல்ட்டோடு காயிலும் சேர்ந்து வெளியே வந்தது. இப்போது ஹப்பைக் கழற்றி டிரில் பிரஸ்ஸில்தான் போடுகிறேன். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அந்தப் பொறுமை இல்லாதவர் இந்த வேலையை லேத்காரரிடம் கொடுப்பது மேல்.

கிட்டோடு வந்த தாளில் இல்லாத ஒரு விஷயம். காயிலை ஓட்டை முகத்திலிருந்து கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே இறக்கிய பிறகு அடியிலிருக்கும் நாக்கைக் குச்சி வைத்துத் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டை அந்தப் பக்கம் திறந்திருந்தால் அந்தத் துண்டு நேராக ஹப்புக்குள் விழும். உள்ளே பேரிங் இருக்கிறது! ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தத்தை நம்ப முடியாது. நான் முன்னதாகவே பின்பக்கம் கிரீஸ் தோய்த்த துணியைத் திணித்துவிடுவேன். டேப்பின் காடிகளிலும் கிரீஸ் அப்பிவிட்டால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. என் வண்டியும் அந்தக் காற்றில்தான் நிற்கிறது. முதல் காயில் போட்ட பிறகு இரண்டு தடவை லைனிங் மாற்றிவிட்டேன். இரண்டு தடவையும் பக்கத்துப் போல்ட்கள் கிறீச்சிட்டுக்கொண்டு துருத்தூளோடு வந்தன. காயில் இருக்கும் ஓட்டையில் மட்டும் முதல் தளர்வுக்கு அப்புறம் விரலாலேயே கழன்றது. சும்மா நன்றாக இருக்கிற ஓட்டைக்கும் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது. வேண்டாம், நல்ல இரும்பை வெட்டாதே என்று மேஸ்திரி திட்டினார். அவர் சொன்னதுதான் சரி.

எங்கே போடக்கூடாது என்பதில் நான் கறார். மச்சானின் குட்டி யானையில் முன்பக்கம் டிஸ்க் பிரேக். டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரின் பிராக்கெட் போல்ட் பிடிக்கிற ஓட்டையில் மரை பாதி போயிருந்தது. "நீதான் கிட் வச்சிருக்கியே மச்சான், போட்டுக் குடு" என்றான். மாட்டேன் என்றேன். பிரேக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் முழு விசையும் அந்த இரண்டு போல்ட்டின் மேல்தான் வருகிறது. கையால் ஒரு முறை டிரில் போட்டுத் தோற்றவனை நம்பி அதை ஓட்டக்கூடாது. அந்த ஓட்டை இருக்கும் நக்கிளையே மாற்றச் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை, பிறகு மாற்றினான்.

பிரேக் ஆயில் லைன் நட், ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் உட்காருகிற ஓட்டை இவற்றுக்கெல்லாம் காயில் கிடையவே கிடையாது. சுருளின் இடுக்கு வழியாக ஆயில் கசியும். வீல் சிலிண்டரையே மாற்றுங்கள். வீல் ஸ்டட் மரை போனால் ஸ்டட்டை அடித்து எடுத்துப் புதிது போடுங்கள். காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் ஏர் பிரேக் சேம்பரில் வெளியே தெரியும் ஸ்டட், என் வண்டியில் எம்16, பிட்ச் 1.5. லேசாக நசுங்கியிருந்தால் வெளிமரை வெட்டும் டை விட்டுச் சீர்செய்யலாம், மரை உதிர்ந்திருந்தால் சேம்பர் மாற்ற வேண்டியதுதான். ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் இணைப்பு வளையத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். அதை அடக்கி வைக்கும் கேஜிங் போல்ட்டில் மரை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்ட ஓட்டைக்குள் போய் வந்த போல்ட்டைத் திரும்பப் போடுவதில்லை. தலையில் 10.9 என்று வலிமை எண் இருந்ததற்கு 8.8 போடுவதும் இல்லை. மரையில் எண்ணெய் தடவினால் டார்க்கை, அதாவது இறுக்கும் முறுக்கு விசையை, குறைக்க வேண்டும். காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் மரைக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும். இது தெரியாமல் நானே ஓர் ஓட்டையைக் கெடுத்திருக்கிறேன். மேலே சொன்ன ஏழில் அதுவும் ஒன்று.

ஏழில் ஐந்து முதல் இரண்டு வருடத்தில் போட்டவை. அப்புறம் ஷெட்டில் ஒரு வழக்கம் வந்தது. எந்தப் போல்ட்டும் முதல் நாலு சுற்று விரலால்தான். விரலுக்கு மடங்காவிட்டால் பிட்ச் கேஜை வைத்துப் பார். ஏர் கன் கடைசிக்கு முன்னால், கடைசியில் டார்க் ரெஞ்ச். பையன் முதலில் முணுமுணுத்தான், இப்போது மற்ற டிரைவர்களை அவனே அதட்டுகிறான். கிட்டைவிட நூறு ரூபாய் சில்லறையில் வாங்கிய பிட்ச் கேஜைத்தான் நான் அதிகம் எடுக்கிறேன்.

வாங்கலாமா? ஒரே வண்டி வைத்திருப்பவர் ஐந்து சைஸ் சேர்ந்த பெரிய பெட்டியை வாங்க வேண்டாம். என் நண்பர் வாங்கினார், மூன்று சைஸ் இன்னும் பிளாஸ்டிக் பிரிக்காமல் கிடக்கிறது. உங்கள் வண்டியில் அடிக்கடி கழற்றுகிற போல்ட்டை அளந்து அந்த ஒரு சைஸ் மட்டும் போதும். காயில் தீர்ந்தால் தனியாகக் கிடைக்கும். கடையில் எம்12 என்று மட்டும் சொன்னால் 1.75 கொடுத்துவிடுவார்கள், பிட்சையும் சொல்லுங்கள். நீளத்தையும் சொல்லுங்கள். நான் வாங்குவது விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 18 மில்லி. இரவல் கேட்பவரிடம் காயிலை அவரையே வாங்கிவரச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கொடுக்கிறேன்.