நீச்சல் குளம் இருக்கட்டும், கரண்ட் பெட்டி எந்தப் பக்கம்?

ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்த வண்டியில், அமெரிக்காவைச் சுற்றுகிறவர்களுக்கு ராத்திரி தங்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் பார்க், மாநில அரசுப் பூங்கா, தேசியப் பூங்கா, ராணுவப் பொறியாளர் படை ஏரிக்கரையில் நடத்தும் கேம்ப்கிரவுண்ட், காசே வாங்காத பாலைவனப் பொட்டல் என்று எல்லாம் உண்டு. எல்லா வகையிலும் தங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கேம்ப்கிரவுண்டுக்கு மொத்தமாக நட்சத்திரம் போடுவது வேலைக்காகாது என்பது என் கட்சி. நாம் தங்கப்போவது அங்கே ஒரே ஒரு சைட்டில், அதாவது ஒரு வண்டியை நிறுத்தும் இடத்தில். அந்த சைட் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பிரயோஜனம்?

நாலரை நட்சத்திரம் வாங்கிய ஒரு தனியார் பார்க் (பெயர் வேண்டாம்) இதற்கு நல்ல உதாரணம். நீச்சல் குளம் பளிச்சென்று இருந்தது, கழிவறை ஓட்டலில் இருப்பதைப் போல மணத்தது, ஆபீசில் இருந்த அம்மா அவ்வளவு அன்பாகப் பேசினார். எங்களுக்குக் கொடுத்த சைட் வரிசையின் கடைசி. கரண்ட் பெட்டியின் மூடியைத் தூக்கினால் 30 ஆம்ப் சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக உருகியிருந்தது, பிளக்கைச் செருகினால் பிடிப்பே இல்லை, கையால் ஆட்டினால் ஆடுகிறது. எத்தனையோ வண்டிகள் பிரேக்கரை அணைக்காமலே பிளக்கை உருவியிருக்கின்றன என்று அர்த்தம், அப்படி உருவும்போதெல்லாம் உள்ளே பொறி பறக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்து எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓட ஆரம்பித்ததும் கரண்ட் பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் நாங்கள் மாட்டும் பாதுகாப்புப் பெட்டியில் 120 காட்ட வேண்டிய வோல்டேஜ் 110, 107 என்று இறங்கி, 104-க்கு வந்ததும் அதுவே கரண்டைத் துண்டித்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே வரும், மறுபடி போகும். ராத்திரி முழுக்க இதே கதை. காலையில் அந்த அம்மாவிடம் சொன்னால், வேறு யாரும் புகார் சொல்லவில்லையே என்றார். சொல்லியிருக்க மாட்டார்கள்தான், முக்கால்வாசிப் பேரிடம் அந்தப் பாதுகாப்புப் பெட்டி இருக்காது, வோல்டேஜ் குறைந்ததே அவர்களுக்குத் தெரியாது. வோல்டேஜ் குறையக் குறைய ஏ.சி.யின் கம்ப்ரசர் அதிக கரண்டை இழுத்துச் சூடாகும், அன்றைக்கே போகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு எங்கேயோ ஒரு ஊரில் நின்றுபோகும். அப்போது பழி ஏ.சி. கம்பெனி மேல் விழும்.

பழைய பார்க்குகளில் இது சகஜம். ஏ.சி. இல்லாத சின்ன டிரெய்லர்கள் வந்துபோன காலத்தில் இழுத்த ஒயர், இப்போது இரண்டு மூன்று ஏ.சி. வைத்த வண்டிகளுக்குக் கரண்ட் கொடுக்கிறது. வரிசையின் கடைசி சைட்டுக்கு வருவதற்குள் வோல்டேஜ் களைத்துப்போய்விடும். அதனால் கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பதில் எப்போதும் இருக்கிறது என்றுதான் வரும். 30 ஆம்பா 50 ஆம்பா, கடைசியாக ஒயரிங் மாற்றியது எப்போது என்று கேளுங்கள். 30-க்கும் 50-க்கும் வித்தியாசம் வெறும் 20 ஆம்ப் என்று பலர் நினைக்கிறார்கள். 30 ஆம்பில் ஒரே 120 வோல்ட் லைன், ஆக 3,600 வாட். 50 ஆம்பில் அதேபோல இரண்டு லைன், தலைக்கு 50, ஆக 12,000 வாட், மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பில் ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவையும் வெந்நீர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும், சமையலும் குளியலும் முறை வைத்துத்தான் நடக்கும். குளிர்காலத்தில் அது ஒரு பொருட்டில்லை, ஜூலையில் அரிசோனாவில் அது பெரிய பொருட்டு.

அடுத்தது கழிவுநீர். ஃபுல் ஹுக்கப் என்று போட்டிருந்தால் தண்ணீர், கரண்ட், கழிவுக்குழாய் மூன்றும் சைட்டிலேயே இருக்கிறது என்று பொருள். சரி, குழாய் எங்கே இருக்கிறது? வண்டியின் கழிவு வாய் டிரைவர் பக்கத்தில் இருக்கும், நம் கையில் இருக்கும் ஹோஸ் பெரும்பாலும் 15 அல்லது 20 அடி. பார்க்கின் குழாய் வண்டிக்கு ரொம்பப் பின்னால் இருந்தால் எட்டாது. எட்டினாலும், தரைக்கு மேலே அரை அடி தூக்கிக் கட்டியிருந்தால் கழிவு மேட்டில் ஏற வேண்டும், அது எப்படி ஏறும்? ஹோஸை ஒரு முனையிலிருந்து தோள் உயரத்துக்குத் தூக்கித் தூக்கி உள்ளே இருப்பதைத் தள்ளுகிற வேலையைச் செய்தவர்கள் அடுத்த தடவை நீச்சல் குளத்தைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள். இரண்டு மூன்று ராத்திரிதான் என்றால் கழிவுக்குழாய் இல்லாத சைட்டே போதும், கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷன் என்கிற பொதுக் கழிவுக்குழியில் வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொள்ளலாம், விலையும் குறையும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த டம்ப் ஸ்டேஷனில் நிற்கும் வரிசையை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் 40-லிருந்து 60 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்கு நல்லது, சில பார்க்குகளில் அதைத் தாண்டும், ஒரு ரெகுலேட்டரை மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

நீளம் பெரிய தலைவலி. சைட் 40 அடி என்று எழுதியிருந்தால் அது வண்டிக்கு மட்டுமா, இழுத்து வரும் காரையும் சேர்த்தா என்பதை யாரும் எழுதுவதில்லை. புல்-த்ரூ சைட்டில் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே போய்விடலாம், ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி, காரைக் கழற்றவே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் அவை பார்க்கின் நடுவில் பஸ் ஸ்டாண்ட் மாதிரி வரிசையாக இருக்கும், காட்சி என்று ஒன்றும் கிடையாது. நாலு நாள் தங்குவதானால் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிற சைட்தான் என் தேர்வு, ஓரத்தில் இருக்கும், மரம் இருக்கும், பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். சைட்டுக்குப் போகிற உள்சாலையின் வளைவு சைட்டைவிட முக்கியம். 45 அடி சைட் இருக்கிறது, அதற்குள் திரும்புவதற்குச் சாலையில் இடமில்லை, எதிரே பெரிய பாறாங்கல் என்றால் அந்த 45 அடி வெறும் எழுத்து.

தரை சமமாக இருக்கிறதா என்பதைப் புதிதாக வருகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. தூங்கும்போது தலைக்கு ரத்தம் ஏறும் என்பது ஒரு பக்கம். கேஸிலும் கரண்டிலும் ஓடுகிற பழைய மாடல் ஃபிரிட்ஜுக்குள் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பில்தான் சுற்றி வருகிறது, வண்டி ரொம்பச் சாய்ந்து நின்றால் அது ஓடாமல் ஓரிடத்தில் தங்கிச் சூடேறி ஃபிரிட்ஜே வீணாகிவிடும். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மரநிழல் வேண்டுமா வேண்டாமா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே சண்டை வரும். வெயிலுக்கு மரம் வேண்டும், கூரையில் சோலார் பலகை வைத்தவருக்கு வேண்டாம், ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் வைத்திருப்பவருக்கு வடக்குப் பக்க வானமாவது திறந்திருக்க வேண்டும். வண்டியிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் கேம்ப்கிரவுண்டின் வைஃபையை நம்பி வரவே வேண்டாம். பகலில் மெயில் பார்க்கலாம், ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்ததும் அது செத்துவிடும்.

சத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, விளம்பரப் படங்களை மூடிவிட்டு கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைத் திறங்கள். பார்க்கை ஒட்டி ரயில் தண்டவாளம் ஓடுகிறதா, அது சாலையைக் கடக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் ரயில் அப்படிப்பட்ட கடவையை நெருங்கும்போது 15-லிருந்து 20 விநாடி முன்னாலேயே இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் என்று ஹாரன் அடிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பகல் ராத்திரி வித்தியாசம் கிடையாது, அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு மட்டும் விலக்கு. தண்டவாளத்தோரம் நிலம் மலிவு, அங்கேதான் பார்க்குகளும் முளைக்கும். சைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும். படத்தில் கூரைகள் ஒட்டி ஒட்டித் தெரிந்தால், பக்கத்து வண்டியின் ஸ்லைடு (நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே தள்ளுகிற அறைப்பகுதி) நம் சாப்பாட்டு மேஜைக்கு நேராக வந்து நிற்கப்போகிறது.

வகைவகையாகச் சொல்வதானால், கே.ஓ.ஏ. என்ற கேம்ப்கிரவுண்ட் நிறுவனம் 1962-ல் மான்டானாவின் பில்லிங்ஸ் ஊரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிற பயணிகளை வைத்து ஆரம்பித்தது, இப்போது அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்து 500-க்கும் மேல் கிளைகள். பெரும்பாலானவை ஃபிராஞ்சைஸ், அதனால் பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும் தரம் உரிமையாளரைப் பொறுத்தது. ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இது உருப்படியான விஷயம். வழியில் ஒரு ராத்திரி தூங்க வேண்டுமென்றால் ஜர்னி, நீளமான புல்-த்ரூவும் 50 ஆம்பும் கிடைக்கும். குழந்தைகளோடு நாலு நாள் என்றால் மற்ற இரண்டு. விலை கூடுதல்தான், ஆனாலும் இருட்டின பிறகு தெரியாத ஊருக்குள் நுழையும்போது என்ன கிடைக்கும் என்று ஓரளவு தெரிந்திருப்பதற்கு அந்தக் காசைக் கொடுக்கலாம்.

தேசியப் பூங்காக்களில் ஹுக்கப்பை எதிர்பார்த்துப் போகக்கூடாது. யோசெமிட்டியில் எந்த கேம்ப்கிரவுண்டிலும் கிடையாது. யெல்லோஸ்டோனில் மூன்றும் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ், அங்கேயும் கிரிஸ்லி கரடிகள் நடமாடுவதால் கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்குத்தான் அனுமதி, துணி மடிப்பு வைத்த பாப்-அப் டிரெய்லரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் ஃபுல் ஹுக்கப், 50 அடி வரை நுழையலாம். பக்கத்திலேயே உள்ள மேத்தர் கேம்ப்கிரவுண்டில் ஹுக்கப்பும் இல்லை, 30 அடிக்கு மேல் இடமும் இல்லை, ஆனால் மரங்களுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்கியது அங்கேதான். பல பூங்காக்களின் முன்பதிவு ஆறு மாதம் முன்னால் திறக்கும், பேர்பெற்ற இடங்களில் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் விடாதீர்கள், கேன்சல் ஆகும் சைட்டுகள் கடைசி வாரத்தில் வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் என் ஓட்டு ராணுவப் பொறியாளர் படையின் கேம்ப்கிரவுண்டுகளுக்குத்தான். அணை கட்டியதால் உண்டான ஏரிகளின் கரையில் இருக்கும், சைட்டுகள் தாராளமாக, தண்ணீரைப் பார்த்தபடி. கரண்டும் தண்ணீரும் பெரும்பாலும் உண்டு, கழிவுக்குழாய் அபூர்வம், வாசலில் டம்ப் ஸ்டேஷன். விளம்பரம் கிடையாது, அதனாலேயே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. 62 வயதான அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் 80 டாலருக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் வாங்கிவிட்டால் இந்த மாதிரி மத்திய அரசு இடங்கள் பலவற்றில் தங்கும் கட்டணம் பாதிதான். ஊரிலிருந்து வந்து கிரீன் கார்டோடு பிள்ளைகள் வீட்டில் இருக்கிற அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும், வண்டியில் அவர்கள் இருந்தால் சைட்டை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

ஒன்றுமே வேண்டாம், அமைதி போதும் என்பவர்களுக்கு மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். (மத்திய அரசின் நில நிர்வாக அமைப்பு) நிலம் இருக்கிறது. பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் இலவசமாக நிற்கலாம், தண்ணீரும் கரண்டும் குப்பைத் தொட்டியும் நம் பொறுப்பு. பேட்டரியும் சோலாரும் வலுவாக இல்லாமல் போனால் இரண்டாம் நாளே சலித்துவிடும்.

தனியார் பார்க்குகளின் சின்ன எழுத்தைப் படியுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் பழைய வண்டி என்றால் சில இடங்களில் உள்ளே விட மாட்டார்கள், அல்லது ஃபோட்டோ அனுப்பச் சொல்வார்கள். சில வகை நாய்களுக்குத் தடை. நமக்குப் பிடித்த சைட் எண்ணை உறுதி செய்யத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது அநியாயமாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது, ஆனால் நான் கொடுத்துவிடுகிறேன். கொடுக்காவிட்டால் வரிசையின் கடைசி சைட் யாருக்கு விழும் என்று தெரியாது.

மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, சைட் எண்ணும் வண்டியின் நீளமும் எழுதியிருப்பவற்றைத் தேடுங்கள். "அருமையான இடம், மறுபடி வருவோம்" என்பதில் நமக்கு ஒரு தகவலும் இல்லை. "38 அடி ஃபிஃப்த் வீல் டிரெய்லர், 22-ம் எண், இடது பக்கம் மரக்கிளை உரசும், கழிவுக்குழாய் மேடு" என்று எரிச்சலோடு ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தால் அவர்தான் நமக்கு வேண்டியவர். போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்தி லெவல் செய்து ஸ்லைடை வெளியே தள்ளுவதற்கு முன்னால் இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்து சாக்கெட்டைப் பார்த்து, பாதுகாப்புப் பெட்டியைச் செருகி வோல்டேஜையும் எர்த்தையும் சரிபாருங்கள். தப்பாக இருந்தால் அப்போதே ஆபீசுக்கு நடந்துபோய் வேறு சைட் கேளுங்கள், அது மூடுவதற்குள்.