ஸ்பிரிங்க்ளர் போடுகிறீர்களா? குழி மூடும் முன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

கோவையில் ஒரு வீடு. முன்புறம் 40-க்கு 30 அடியில் கொரியன் புல். 12 பாப்-அப் (தண்ணீர் வரும்போது மண்ணிலிருந்து எழும்பித் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலை), 32 மி.மீ. பைப், ஃபில்டர், டைமர் என்று கொட்டேஷன் கொடுத்தவர், வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் புதைத்து மண்ணையும் மூடிவிட்டார். ஒரு மாதத்தில் புல்தரையின் நடுவே நீளவாக்கில் மஞ்சள் பட்டை. போனில் கேட்டால், "இன்னும் அரை மணி நேரம் கூட ஓட விடுங்க சார்" என்கிறார். ஓட விட்டால் ஓரமெல்லாம் சேறு, நடுவில் அதே மஞ்சள்.

தோண்டிப் பார்த்தபோது பாப்-அப் ஆறுதான் இருந்தது. மூலைக்கு ஒன்றாக நான்கு, 40 அடிப் பக்கங்களின் நடுவில் இரண்டு. எல்லாமே 15 அடி நாசில். ஒரு தலை எறியும் தண்ணீர் அடுத்த தலையின் காலடியில் போய் விழ வேண்டும், இந்தத் தொழிலின் அரிச்சுவடியே இதுதான். 15 அடி எறியும் தலைகளை 15 அடிக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது. இங்கே நீளவாக்கில் 20 அடி, குறுக்கே 30 அடி. கணக்குப்படி 3 வரிசையில் 4 வீதம் 12 தலை வேண்டும். கொட்டேஷனில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது, மண்ணுக்குள்தான் பாதி.

அதைவிடப் பெரிய கோளாறு, இணைப்பை மொட்டை மாடித் தொட்டியிலிருந்து எடுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். அந்தத் தொட்டி இருப்பதோ 7 மீட்டர் உயரத்தில். இங்கே போட்டதுபோல விசிறியாகத் தெளிக்கும் ஸ்பிரே வகைத் தலைக்கு 2 பார் வேண்டும். அதில்லாவிட்டால் தண்டு முழுசாக எழும்பாது, கழுத்தைச் சுற்றித் தண்ணீர் கசிந்து அங்கேயே தேங்கும். போதாததற்கு 20 மி.மீ. பைப். இருந்த கொஞ்ச அழுத்தமும் உராய்விலேயே போய்விட்டது. ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் பைப்பை இணைக்கும் வெறும் யூனியன். போர் தண்ணீரின் மணல் நாசில் வலையை அடைத்திருந்தது.

புகார் சொன்ன பிறகு வந்து செய்த ரிப்பேர் இன்னும் மோசம். தண்ணீர் எட்டட்டும் என்று நடுவில் ஒரு ரோட்டர் (சுழன்றுகொண்டே தூரமாக எறியும் தலை) சொருகியிருக்கிறார், அதுவும் அதே லைனில். ஸ்பிரே மணிக்கு ஏறத்தாழ 40 மி.மீ. கொட்டும், ரோட்டர் 10 முதல் 15 மி.மீ.தான். ரோட்டருக்கு 3 பார் அழுத்தமும் வேண்டும். இரண்டையும் ஒரே வால்வில் கட்டினால் ஒரு பக்கம் அழுகும், இல்லையென்றால் மறுபக்கம் காயும்.

இதைக் கண்டுபிடிக்க எவர்சில்வர் டம்ளர் பத்து போதும். நேர்ச்சுவர் டம்ளராகப் பார்த்து ஓரத்திலும் நடுவிலும் பரப்பி 15 நிமிடம் ஓட்டி, உள்ளே ஸ்கேலை விட்டு அளக்க வேண்டும். இந்த வீட்டில் தலைக்குப் பக்கத்து டம்ளரில் ஒரு விரற்கடைத் தண்ணீர். நடு டம்ளரின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

குழி தோண்டும் முன்பே மோட்டார் லைனில் பிரஷர் கேஜ் மாட்டி, முள் 2.5 பாரில் நிற்கும்வரை வால்வை மூடிக்கொண்டு வந்து, வரும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். 15 அடி நாசிலில் முழுவட்டம் நிமிடத்துக்குச் சுமார் 14 லிட்டர் குடிக்கும், அரைவட்டம் 7, கால்வட்டம் 3.5. இந்தப் புல்தரையில் மூலைக்குக் கால்வட்டம் நான்கு, ஓரத்துக்கு அரைவட்டம் ஆறு, உள்ளே முழுவட்டம் இரண்டு என்று 12 தலைக்கும் சேர்த்து 84 லிட்டர். அதை ஒன்று மாற்றி ஒன்று ஓடும் இரண்டு வால்வாகப் பிரித்தால் 42. அதாவது 20 லிட்டர் பக்கெட் அரை நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். நிறையவில்லையா, மூன்று வால்வாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பைப்பின் அளவு அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், மண் மூடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாசில் மாட்டுவதற்கு முன் லைனை ஒருமுறை திறந்துவிட்டுக் குப்பையை வெளியேற்றினார்களா என்றும் பாருங்கள்.

சரியாகப் போட்டிருந்தால் கோடையில் நாளுக்கு 5 மி.மீ. தண்ணீருக்கு ஒவ்வொரு வால்வும் 7 நிமிடம் ஓடினால் போதும். கரிசல் மண் என்றால் விடியற்காலையில் 4 நிமிடம், அரை மணி ஊறவிட்டு இன்னொரு 3 நிமிடம். இங்கே ஒரு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பேசிய பணத்தில் முக்கால்வாசியை முன்பே வாங்கிவிட்ட அந்த ஆள், டம்ளர் போட்டோக்களை அனுப்பிய நாளிலிருந்து போனை எடுப்பதில்லை.