ஹெட்லைட் போட்டால் ஏறிய டெம்பரேச்சர் முள்

என்னுடைய 2003 மாடல் மாருதி எஸ்டீமில், சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் கணவாய் ஏறும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடும். முதலில் காட்டிய பட்டறையில் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். நாலாயிரம் ரூபாய் போன பிறகும் முள் ஏறியது. தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடலாம் என்று அங்கே சொன்னதும், வண்டியைக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள சிறிய ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு ஓட்டிவந்துவிட்டேன்.

பானெட்டைத் திறக்கும் முன்பே கடைக்காரர், "பகல்ல ஏறும்போதும் இப்படிக் காட்டுதா சார், ராத்திரியில மட்டுமா?" என்று கேட்டார். நினைத்துப் பார்த்தால், நான் சேலத்திலிருந்து திரும்பியதெல்லாம் இருட்டிய பிறகுதான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் அவர் ஹெட்லைட்டைப் போட, முள் சட்டென்று ஒரு விரற்கடை மேலே போனது, அணைத்ததும் இறங்கியது. எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் அப்படிச் சூடாகி ஆறாது அல்லவா?

அதோடு முடிவுக்கு வந்துவிடாமல், தெர்மோஸ்டாட் மூடியின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மீது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பிடித்தார். பளபளக்கும் அலுமினியத்தில் நேராகப் பிடித்தால் அளவு குறைத்துக் காட்டுமாம். 86 டிகிரி. இந்த வண்டியில் மீட்டருக்கு ஒற்றை ஒயர் சென்சாரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இரட்டை ஒயர் சென்சாரும் தனித்தனியே இருப்பதால், இரண்டாவதைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தார். குளிர்ந்த நிலையில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல் இருக்கும் அதன் தடை, அப்போது முந்நூறுக்கும் கீழே இருந்தது; அந்தச் சூட்டுக்கு அது சரியான அளவுதான்.

கோளாறு எர்த்தில், அதாவது கரன்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் இருந்தது. ஹெட்லைட் எரியும்போது மீட்டரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஏறத்தாழ முக்கால் வோல்ட் காட்டியது. பத்தில் ஒரு வோல்ட்கூட இருக்கக் கூடாதாம். டேஷ்போர்டுக்கு அடியில் அந்த எர்த் ஒயரைப் பிடித்திருந்த துருப்பிடித்த போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். பழைய பட்டறையில் போர் தண்ணீரை ஊற்றியிருந்ததை ரேடியேட்டர் வாயில் படிந்த வெள்ளை உப்பைப் பார்த்தே கண்டுபிடித்து, அதை வடித்துவிட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். ஃபுளோரைடு மிகுந்த நம் பக்கத்துத் தண்ணீர் பல்லையே கறைபடுத்தாமல் விட்டுவைக்காதபோது ரேடியேட்டரை மட்டும் விட்டுவிடுமா?

கூலி எழுநூறு ரூபாய், கூலன்ட் தனி. குறைகளும் உண்டு. காலையில் விட்ட வண்டி மூன்று மணிக்குத்தான் கைக்கு வந்தது. அதுவரை உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, பில்லும் வெறும் துண்டுச்சீட்டுதான். போன வாரம் இரவில் ஹெட்லைட்டோடு தொப்பூர் ஏறியபோது முள் பாதிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. டேஷ்போர்டைப் பிரிக்கும்போது அவர் உடைத்த கிளிப் மட்டும் ஏற்றம் முழுக்கக் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.