கார்டுக் கட்டு சிதறினால்: கோடா, வரிசை எண்ணா?

துளை அட்டையில் (கார்டு) ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிய காலத்தில் பெரிய பயம் ஒன்றுதான்: கட்டு கை நழுவி விழுவது. வரிக்கு ஒரு கார்டு. 500 வரி நிரல் என்றால் 500 கார்டு. காப்பாற்ற இரண்டு வழி இருந்தது. கட்டின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடலாம். இல்லையென்றால் ஒரு எழுத்துக்கு ஒன்றாகக் கார்டில் உள்ள 80 பத்திகளில், 73 முதல் 80 வரையிலானவற்றில் வரிசை எண்ணைத் துளையிடலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுக் கோட்டுப் பக்கம் வந்தவன் நான்.

எண்ணின் பலம் தெரிந்ததுதான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஃபோர்ட்ரான் கம்பைலர் 72-ஆம் பத்தியைத் தாண்டிப் பார்க்காது, அதனால் எண் நிரலைக் கெடுக்காது. சிதறிய கட்டை, துளையைப் பார்த்துக் கார்டுகளைப் பிரிக்கும் சார்ட்டர் இயந்திரத்தில் கொடுத்து, கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொரு பத்தியாக ஓட்டினால் பழைய வரிசை வந்துவிடும். ஐபிஎம் 083 சார்ட்டர் நிமிடத்துக்கு 1000 கார்டு பிரிக்கும்.

சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. கட்டு விழுவது என்றோ ஒரு நாள், திருத்தம் தினமும். 10, 20, 30 என்று இடைவெளி விட்டுத்தான் எண் போடுவோம். ஒரே இடத்தில் ஒன்பது கார்டு நுழைத்துவிட்டால், அப்புறம் இடமில்லை.

அதைவிட மோசமானது திருத்தும் விதம். கார்டில் துளையிடும் ஐபிஎம் 029 கீபஞ்ச் இயந்திரத்தில் பழைய கார்டைப் படிக்கும் இடத்தில் வைத்து டூப் விசையை அழுத்தினால், துளைகள் அப்படியே புதுக் கார்டுக்கு வரும். விட்டுப்போன எழுத்தின் இடம் வந்ததும், பழைய கார்டு நகராமல் விரலால் அழுத்திக்கொண்டு அந்த எழுத்தைத் தட்டுவோம். அருமையான உத்தி. ஆனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு பத்தி வலப்பக்கம் தள்ளும், வரிசை எண்ணும் சேர்ந்து. 1230 என்ற கார்டு 123 ஆகிவிடும். சார்ட்டர் அதைக் கொண்டுபோய் 120-க்கும் 130-க்கும் நடுவில் சொருகிவிடும். இப்படி ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதுக் கார்டை நுழைத்ததும் கோடு போகும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். திருத்தம் பெருகிக் கோடு கந்தலானால், வேறு நிறத்தில் எதிர் மூலையிலிருந்து இன்னொன்று.

அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். 500 கார்டு அடுக்கு மூன்றரை அங்குலம். கார்டின் நீளம் ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்தடுத்த கார்டுகளில் கோடு அரை மில்லிமீட்டர்கூட நகராது. அக்கம்பக்கத்துக் கார்டு எது முன், எது பின் என்று நிரலை வரி வரியாக அச்சடித்த லிஸ்டிங்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை கட்டு விழுந்தால் இருபது முப்பது கார்டு ஒட்டியபடி கொத்துக் கொத்தாகத்தான் விழும். கொத்துகளைக் கோட்டைப் பார்த்துச் சேர்ப்பது சில நிமிட வேலை.

இனி மாறவே மாறாது என்று முடிந்துபோன நிரலுக்கு மட்டும் எண் போடுவேன். கோபால் (COBOL) என்ற இன்னொரு கணினி மொழியில் எண் முதல் ஆறு பத்திகளில் வரும். விரல் உத்தியால் நகராது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே எண்ணே வென்றிருக்கலாம்.