வெளிநாட்டுத் தின்பண்டப் பொதிகளும் இரண்டு திகதிமுறைகளும்

திருகோணமலைக் கடைகளில் விற்பனைக்கு வரும், அல்லது வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பொதிகளில் 05/08/2026 என்று அச்சிடப்பட்டிருந்தால், அது பிரித்தானியப் பொதியில் ஓகஸ்ட் 5ஐயும், அமெரிக்கப் பொதியில் மே 8ஐயும் குறிக்கும். இலங்கையில் நாம் நாளையே முதலில் எழுதுவதால் பிரித்தானிய முறை எளிதில் விளங்குகிறது. அமெரிக்க முறையோ கிட்டத்தட்ட 3 மாதப் பிழைக்கு இடமளிக்கிறது. ஒரு எண் 12ஐ விடப் பெரிதாக இருந்தால் அதுவே நாள் என்பதால் குழப்பம் நீங்கும்; இல்லையேல் உற்பத்தி நாட்டைப் பார்ப்பதே வழி.

திகதியின் பொருளிலும் வேறுபாடு உண்டு. பிரித்தானியாவில் 'பெஸ்ட் பிஃபோர்' தரத்தையும், 'யூஸ் பை' பாதுகாப்பையும் குறிப்பதால், பிஸ்கட், சிப்ஸ் போன்ற உலர்பண்டங்களில் பெரும்பாலும் முதலாவதே காணப்படும்; அந்நாள் கடந்தால் மொறுமொறுப்புக் குறையுமே தவிர, பண்டம் உடனே நஞ்சாகிவிடாது. அமெரிக்காவில், குழந்தைப் பால்மாவைத் தவிர்த்து, திகதியிடுமாறு கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே அங்குள்ள திகதி பெரும்பாலும் உற்பத்தியாளரின் தர மதிப்பீடே.

தெளிவுக்காக நான் பிரித்தானிய முறையையே விரும்புகிறேன். ஆயினும் இரண்டுமே முறையான களஞ்சியத்தை நம்பிக் கணிக்கப்பட்டவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்த சொக்லேட் வெண்மை பூக்கும், கொட்டைப் பண்டங்களில் எண்ணெய் சிக்கு வாடை எடுக்கும். அப்போது எம்முறைத் திகதியும் பயன்படாது, பொதியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதே உதவும்.