மாற்றாத ஓ-ரிங்குக்கு பில் போட்ட துப்பாக்கிக் கடை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஷாட்கன் ஒன்று 575 டாலர். முதல் "சர்வீஸ்" 140. இரண்டாவது "சர்வீஸ்" 185. ஆக 900 டாலர் கொடுத்த பிறகும், ஒரு தடவை சுட்டால் காலித் தோட்டா பாதி வெளியே, பாதி உள்ளே என்று மாட்டிக்கொண்டு நிற்கும். காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் என்று பெயர். என் கையில் அது ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி போலத்தான் இருந்தது.

நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம். ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து க்ளே ஷூட்டிங் போகப் பழகினேன். இயந்திரம் விட்டெறியும் ஆரஞ்சு நிறத் தட்டைப் பறக்கும்போதே சுட்டு உடைப்பது. கொஞ்ச நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், வாடகைக்கு எடுத்துச் சுட்டேன், அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று ஆசை வந்தது. எனக்குத் தெரிந்தே நம் ஆட்கள் நாலைந்து பேர் இப்போது இதே ஆசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. (ஒரு விஷயம். நான் கிரீன் கார்டு. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை உண்டு. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்று ஒரு விதி இருக்கிறது. அதை நம்பி இறங்குவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள்.)

நான் வாங்கியது ரெமிங்டன் 1100, 12 கேஜ். ஊரில் 12 போர் என்போமே, அதேதான். 1963-ல் வந்த மாடல், தோளில் அதிகம் உதைக்காது, க்ளே சுடுபவர்களுக்குப் பிரியமானது. துப்பாக்கியின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதை விற்ற கடையின் மேல்தான்.

வாங்கும்போதே ஒரு பொய் சொன்னார்கள், எனக்கு அப்போது அது பொய் என்று தெரியவில்லை. பேரலில் (குழலில்) 3 அங்குல மேக்னம், அதாவது நீளமான, கனத்த தோட்டாவுக்கானது என்று பொறித்திருந்தது. "இது உங்களுக்கு லாபம். பெரிய தோட்டாவும் போகும், சின்னத் தோட்டாவும் போகும்" என்றார் கவுன்டரில் இருந்தவர். பெரிய பாத்திரத்தில் கொஞ்சமாகவும் சமைக்கலாமே என்ற மாதிரி எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

முதல் சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனேன். க்ளேவுக்கு எல்லோரும் போடும் சாதாரணத் தோட்டா, 2¾ அங்குலம், 1 அவுன்ஸ் ரவை. சுட்டேன். தட்டு உடைந்தது. அடுத்த தட்டுக்கு விசையை இழுத்தால் ஒன்றும் இல்லை. பார்த்தால், தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் போல்ட் முக்கால் தூரம் பின்னால் போய்த் திரும்பியிருக்கிறது. காலித் தோட்டா வாயிலிலேயே நசுங்கி நிற்கிறது. 25 தட்டு முடிவதற்குள் பதினெட்டு தடவை இதே கதை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள், அதுவே இன்னும் அவமானமாக இருந்தது.

கடைக்குப் போனேன். அவர்களுடைய ரிப்பேர்காரர் சொன்ன முதல் காரணம்: "நீங்கள் தோளில் இறுக்கிப் பிடிப்பதில்லை." இதைக் கேட்டு நான் மூன்று வாரம் தோள் கன்றிப்போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தேன். இது எவ்வளவு பெரிய கதை என்று பின்னால்தான் புரிந்தது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

செமி ஆட்டோ ஷாட்கன்கள் முக்கியமாக மூன்று விதமாக வேலை செய்கின்றன. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1900-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த ஆட்டோ-5-ல் பேரலே போல்ட்டோடு சேர்ந்து பின்னால் வரும். பெனெல்லி மாதிரியான துப்பாக்கிகளில் மொத்தத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும்போது போல்ட்டின் கனமான பாகம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தில் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கி, விரிந்து, போல்ட்டைத் தள்ளும். அங்கே தோளில் தொளதொளவென்று பிடித்தால் பிரச்சினை வரலாம், உண்மை. ஆனால் 1100 வாயுவில் ஓடுவது. பேரலின் அடியில் சின்னத் துளை இருக்கிறது. வெடித்த வாயுவில் கொஞ்சம் அந்தத் துளை வழியாக இறங்கி, அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். அந்த வாயு முன்பக்கமாகக் கசிந்துவிடாமல் அடைப்பது குழாயின் காடியில் இருக்கும் ஒரு ரப்பர் ஓ-ரிங். பிரஷர் குக்கர் கேஸ்கட் தெரியுமல்லவா? அதே வேலை. கேஸ்கட் போன குக்கரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் விசில் வராது.

இறுக்கிப் பிடித்தும் நடக்கவில்லை என்று திரும்பப் போனபோது 140 டாலருக்கு "முழு சுத்தம்". சுத்தம் செய்த பிறகு கடையின் பின்னால் இருக்கும் அவர்களுடைய ரேஞ்சில் என் கண் முன்னால் மூன்று தோட்டா போட்டுச் சுட்டுக் காட்டினார். டம், டம், டம். ஒரு தடங்கல் இல்லை. நானும் சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டேன். அவர் போட்டது என்ன தோட்டா என்று கீழே கிடந்த காலியைக் குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அது வாத்து வேட்டைக்கான கனத்த தோட்டா. அந்தத் தோட்டாவில் வரும் வாயுவுக்கு எவ்வளவு சின்னத் துளையும் போதும்.

மறுபடி க்ளே தோட்டா, மறுபடி அதே கதை. கூடவே புதிதாக ஒன்று: அபூர்வமாக போல்ட் ஒழுங்காகப் பின்னால் போனாலும் மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா வெளியே வராமல், போல்ட் திறந்தே நின்றுவிடும். மூன்றாவது முறை போனேன். 185 டாலர். பில்லில் மூன்று வரி: ஓ-ரிங் மாற்றம், மேகசின் ஸ்பிரிங் மாற்றம், கூலி. இதற்கும் மசியவில்லை என்றால் பேரலில் இருக்கும் துளையை ட்ரில் போட்டுப் பெரிதாக்கலாம், 90 டாலர் ஆகும் என்று அடுத்த கொக்கியையும் அப்போதே போட்டு வைத்தார்.

அந்த வாரம் ரேஞ்சில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியிருக்கும். என் துப்பாக்கி மாட்டிக்கொள்வதை இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து, காலி செய்து காட்டச் சொன்னார். போல்ட்டைத் திறந்து, பேரலுக்குள் விரலை விட்டுப் பார்த்து, மேகசினிலும் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் கையில் வாங்கினார். பேரலில் இருந்த எழுத்தைப் படித்தார். அப்புறம் ரிசீவரின் (போல்ட் ஓடும் நடு உடல்) பக்கவாட்டில் இருந்த சீரியல் எண்ணைப் படித்தார். சிரித்தார்.

எண் ஆங்கில 'வி' எழுத்தில் முடிந்தது. 12 கேஜ் 1100-ல் 'வி' என்றால் சாதாரண 2¾ அங்குலத் துப்பாக்கி. 'எம்' என்று முடிந்தால் மேக்னம். யாரோ சாதாரணத் துப்பாக்கியில் மேக்னம் பேரலை மாட்டி விற்றிருக்கிறார்கள். மாட்டினால் கச்சிதமாக உட்காரும், அதுதான் வம்பு. மேக்னம் தோட்டாவில் வாயு அதிகம் என்பதால் மேக்னம் பேரலில் துளையைக் குறைவாக வைத்திருப்பார்கள். அதில் மெல்லிய க்ளே தோட்டாவைப் போட்டால் பிஸ்டனுக்குப் போய்ச் சேரும் வாயு பத்தாது. அதோடு, பேரலில் 3 அங்குலம் என்று எழுதியிருப்பதை நம்பி நான் 3 அங்குலத் தோட்டாவைப் போட்டிருந்தால், 'வி' ரிசீவர் அதற்கானது இல்லை. இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசம்: 2¾ அங்குல அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 3 அங்குலத் தோட்டா சில சமயம் ஒழுங்காக உட்கார்ந்தே விடும், ஏனென்றால் வாயை மூடியிருக்கும் மடிப்பு விரியாத தோட்டா நீளம் குறைவு. சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

துளையைப் பெரிதாக்கும் யோசனையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது, அப்புறம் எவராவது கனத்த தோட்டா போட்டால் போல்ட் பின்சுவரில் போய் அறையும், பேரலை மாற்று என்றார்.

வீட்டுக்கு வந்து நானே கழற்றினேன். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நான் முதன்முதலில் துப்பாக்கியைக் கழற்றியபோது, திரும்பப் பூட்டும் வரிசை மறந்துவிடும் என்ற பயத்தில் போனில் படம் எடுத்திருந்தேன். பிஸ்டன், அதன் முன்னால் பிஸ்டன் சீல், அதற்கும் முன்னால் ஓ-ரிங். படத்தில் ஓ-ரிங்கில் ஒரு கீறல், பக்கத்தில் நகம் பட்டது போல ஒரு வெட்டு. "மாற்றிய" ஓ-ரிங்கை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். அதே கீறல். அதே வெட்டு. சில டாலர் பெறாத ரப்பர் வளையம், அதைக்கூட மாற்றவில்லை.

மேகசின் குழாயைத் திறந்தேன். ஸ்பிரிங் செம்மண் நிறத்தில் துரு பிடித்திருந்தது. புதிதாக ஒன்று வரவழைத்துப் பக்கத்தில் வைத்தேன், பழையது ஒரு சாண் குட்டை. ஹூஸ்டன் ஈரத்துக்குத் துரு ஆச்சரியமில்லை. இரண்டு வாரத்துக்கு முன் "மாற்றிய" ஸ்பிரிங் இப்படித் துருப்பிடித்ததுதான் ஆச்சரியம். உள்ளே மரக் கட்டை வேறு ஒன்று. புறா, வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்ற முடியாதபடி மேகசினில் கட்டை போட வேண்டும் என்பது இங்கே விதி. பழைய சொந்தக்காரர் போட்டது போலிருக்கிறது. நுனி பிளந்து, ஸ்பிரிங்கின் சுருளில் உரசிக்கொண்டிருந்தது. நான் வேட்டைக்குப் போவதில்லை, எடுத்துவிட்டேன்.

கடைக்குப் போவதற்கு முன் நீங்களே எது கோளாறு என்று பிரித்துப் பார்க்க, பெரியவர் சொல்லித்தந்த சோதனை இது. ரேஞ்சில், குழல் இலக்கை நோக்கி இருக்கும்போது மட்டும். வழக்கமாகச் சுடும் தோட்டாவில் ஒன்றே ஒன்றை அறையில் போட்டுச் சுடுங்கள். மேகசின் காலி. சுட்ட பிறகு போல்ட் பின்னால் போய்த் திறந்தே நின்றால் வாயு போதுமானது. திறந்து நிற்காமல் மூடிக்கொண்டால், அல்லது காலித் தோட்டா மாட்டிக்கொண்டால், பிரச்சினை வாயுப் பக்கம்: ஓ-ரிங், அடைத்த துளை, கரி பிடித்த பிஸ்டன், என் விஷயத்தில் பேரல். இல்லையென்றால் தோளில் வைக்கும் பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கில் துருவும் பிசுக்கும். அடுத்து, அறையில் ஒன்று, மேகசினில் ஒன்று. போல்ட் முழுதாகப் போய்த் திறந்து நிற்கிறது, ஆனால் இரண்டாவது தோட்டா மேகசினுக்குள்ளேயே இருக்கிறது என்றால் வாயுவைக் குறை சொல்லாதீர்கள். மேகசின் ஸ்பிரிங், அதன் முன்னால் தோட்டாவைத் தள்ளும் மூடி, தோட்டாவை விடுவிக்கும் கொக்கி, இவற்றைப் பாருங்கள். காலித் தோட்டா அறையிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அது மூன்றாவது ரகம். மலிவுத் தோட்டாக்களின் இரும்பு அடி சில சமயம் உப்பிக்கொள்ளும், அறையில் படிந்த பிளாஸ்டிக்கும் பிடித்துக்கொள்ளும். வெண்கல பிரஷ்ஷால் அறையைத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்தச் சோதனையிலும், சத்தம் வழக்கமான வெடியாக இல்லாமல் "புஸ்" என்று கேட்டால் அத்தோடு நிறுத்துங்கள். தோட்டாவின் உள் அடைப்பு குழலுக்குள் நின்றிருக்கலாம். காலி செய்து, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடவே கூடாது.

இனி பணம். துப்பாக்கி வாங்கிய பில்லில் "ஆஸ் ஈஸ்" என்று முத்திரை குத்தியிருந்தார்கள், அதாவது இருக்கிறபடியே விற்றது. 575 டாலரைப் பற்றிப் பேசியபோது அந்த முத்திரையைத்தான் விரலால் தட்டிக் காட்டினார்கள். ஆனால் ரிப்பேர் பில் வேறு. டெக்சாஸில் 1973-லிருந்து வணிக ஏமாற்றுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. செய்யாத வேலையைச் செய்ததாகவும் மாற்றாத பாகத்தை மாற்றியதாகவும் சொல்வதை அது பெயர் சொல்லியே ஏமாற்றுச் செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு படங்களையும் பில்லையும் இணைத்து ஒரு கடிதம் எழுதினேன், கூடவே கிரெடிட் கார்டு கம்பெனியிலும் புகார் வைத்தேன். 185 திரும்பி வந்தது. 140 வரவில்லை. "சுத்தம் செய்தோம்" என்பதை எந்தப் படத்தை வைத்துப் பொய் என்று நிரூபிப்பது? என்னுடைய தப்பும் ஒன்று உண்டு: கழற்றிய பழைய பாகங்களைக் கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. ஊரில் பைக் சர்வீஸுக்கு விட்டால்கூடப் பழைய பிரேக் ஷூவைக் கேட்டு வாங்கும் ஆள் நான். இங்கே கவுன்டரின் பளபளப்பில் அந்தப் புத்தி எங்கோ போய்விட்டது.

ஒரு கன் ஷோவில், அதாவது துப்பாக்கிச் சந்தையில், 2¾ அங்குலப் பழைய பேரல் 190 டாலருக்குக் கிடைத்தது. 2020-ல் ரெமிங்டன் கம்பெனி திவாலாகித் துண்டு துண்டாக விற்கப்பட்டதிலிருந்து பழைய பேரல்களுக்கு விலை ஏறிவிட்டது என்று விற்றவர் புலம்பினார். நான் பேரம் பேசவில்லை. புது ஓ-ரிங், புது ஸ்பிரிங், இந்தப் பேரல். போன சனிக்கிழமை 100 தட்டு, அதே 1 அவுன்ஸ் தோட்டா, ஒரு தடவைகூட நிற்கவில்லை. தட்டுகளில் 61-ஐத்தான் உடைத்தேன், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

மேக்னம் பேரல் கராஜில் சாய்ந்து நிற்கிறது. அது நல்ல பேரல்தான், சரியான துப்பாக்கியில் இருந்தால். விற்கப் போகிறேன். வாங்க வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன், அவர் துப்பாக்கியின் எண் எந்த எழுத்தில் முடிகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்வேன்.