என் வீட்டுக்காரருக்கு எடுத்த காப்புறுதி: பார்த்ததும் தள்ளியதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்தது சாதாரண டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட வருஷங்களுக்கு மட்டும் ஆயுள் காப்பு), ஏஜெண்ட் இல்லாமல் நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே. இவருக்கு வயது 38, பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்கு ஆறு வயது. ரெலாவில் வாங்கிய வீட்டுக்குக் கடன் ஓடுகிறது. பினாங்கில் எங்களைப் போல நிறையக் குடும்பங்கள் இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். வீடு வாங்கும்போது எடுத்த எம்.ஆர்.டி.ஏ., அதாவது வீட்டுக் கடனுக்கான காப்புறுதி, இருக்கிறது. கடன் குறையக் குறைய அதன் காப்புத் தொகையும் இறங்கிக்கொண்டே வரும். இவருக்கு ஒன்று ஆனால் அந்தப் பணம் வங்கிக்குப் போகும், வீடு எங்களுக்கு மிஞ்சும், ஆனால் அரிசி பருப்புக்கு ஒன்றும் வராது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு. ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.பில் சேமிப்புப் பணம் போக 2,500 வெள்ளி (ரிங்கிட்) இறப்பு உதவி கிடைக்கும். தொழிற்சாலை போட்டிருக்கும் குழுக் காப்புறுதி வேலையை விட்டால் போய்விடும். சின்னவள் படிப்பை முடித்துச் சம்பாதிக்க இன்னும் இருபது வருஷம் பிடிக்கும். அதுவரைக்கும்தான் எங்களுக்குப் பயம். அதற்குப் பிறகு இவர் இல்லையென்றால் அழுவோம், ஆனால் பட்டினி கிடக்க மாட்டோம்.

இந்த இருபது வருஷக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் பெரியம்மா மகன் கொண்டுவந்த முன்மொழிவைப் பார்த்தேன். அண்ணன் பல வருஷமாக ஏஜெண்ட். நம் வீடுகளில் காப்புறுதி விற்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராகத்தானே இருப்பார், முகத்தை முறிக்கவும் முடியாது. அவர் காட்டியது முதலீட்டோடு இணைந்த பாலிசி, மாதம் 350 வெள்ளி. ஆயுள் காப்பு, கடும் நோய்க் காப்பு, மருத்துவமனைச் செலவுக்கான மெடிக்கல் கார்டு, முதலீடு எல்லாம் ஒன்றாக. “எல்லாம் ஒரே பாலிசியில முடிஞ்சிரும்மா” என்றார்.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் இருந்த கட்டண அட்டவணையை எடுத்தேன். ஆரம்ப வருஷங்களில் கட்டும் பிரிமியத்தில் ஒரு பகுதிதான் முதலீட்டுக்குப் போகிறது. காப்புறுதிக் கட்டணத்தை அந்த முதலீட்டு யூனிட்டுகளை விற்றுத்தான் எடுக்கிறார்கள், வயது கூடக் கூட அந்தக் கட்டணமும் ஏறுகிறது. ஐம்பத்தைந்துக்கு மேல் அந்த வரிசையைப் பார்த்தால் தலை சுற்றும். சந்தை படுத்துவிட்டால் யூனிட் கரைந்து, கூடப் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வரலாம், இல்லையென்றால் பாலிசி காலாவதியாகும். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. எல்லாம் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

“வருமான வரியில கழிவு கிடைக்கும்மா” என்று அடுத்த கொக்கி போட்டார். ஆயுள் காப்புறுதிக்கு 3,000 வெள்ளி வரை கழிவு உண்மைதான். டெர்ம் பாலிசிக்கும் அதே கழிவு உண்டே அண்ணே என்றேன். சிரித்துவிட்டு தே தாரிக் டீயைக் குடித்தார்.

முழு ஆயுள் பாலிசியில் அதிக நேரம் செலவிடவில்லை. எண்பது வயதில் இவர் போனால் பிள்ளைகளுக்குப் பணம் விட்டுப்போக ஆசைப்படுகிறவர்கள் எடுக்கலாம். எண்டோமெண்ட் (காப்போடு சேமிப்பும் சேர்ந்த, முதிர்ந்ததும் பணம் தரும் பாலிசி) ஒன்று இவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு, 2029இல் முதிர்கிறது. காப்புத் தொகை சொற்பம். இப்போது பாதியில் சரண்டர் செய்தால் நட்டம் என்பதால் அதை அப்படியே ஓட விட்டிருக்கிறேன். புதிதாக இன்னொன்று எடுக்க மாட்டேன்.

டெர்முக்கு வருவோம். கமிஷன் இல்லாத எளிய ஆயுள் பாலிசிகளை நிறுவனங்கள் நேரடியாக விற்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா வழிசெய்து, 2017 முதல் அவை கிடைக்கின்றன. 4 லட்சம் வெள்ளி, இருபது வருஷம், பிரிமியம் மாறாது. முதலில் காட்டிய விலை மாதம் நூறு வெள்ளிக்குக் கீழே. இவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “அதையெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க” என்று சொன்னவர்கள் உண்டு. எழுதினோம். கிளினிக் அறிக்கை கேட்டார்கள், பிரிமியம் கொஞ்சம் ஏறியது, நூறைத் தாண்டியது. பரவாயில்லை. மறைத்துவிட்டு, நாளைக்கு நான் கிளெய்ம் போடும்போது மாத்திரைச் சீட்டு வெளியே வந்தால் யார் பதில் சொல்வது? இருபது வருஷமும் இவர் நன்றாக இருந்தால் கட்டியதில் ஒரு காசு திரும்பாது. அது இவருக்கு உறுத்துகிறது, எனக்கு உறுத்தவில்லை.

இணையச் சேவைக்குச் சுமாரான மதிப்பெண்தான். படிவம் பஹாசா மலேசியாவிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது, தொலைபேசியில் ஆள் கிடைக்க நேரம் பிடித்தது. பாலிசி கைக்கு வந்த பிறகு 15 நாள் யோசிக்கும் காலம் உண்டு, வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நிறுவனமே விழுந்தாலும் அரசின் வைப்புத்தொகைக் காப்புறுதி அமைப்பான பி.ஐ.டி.எம். ஒரு நிறுவனத்துக்கு 5 லட்சம் வெள்ளி வரை இறப்புத் தொகைக்குப் பாதுகாப்புத் தருகிறது. எங்கள் 4 லட்சம் அதற்குள் அடங்கும்.

ஒரு வேலை மட்டும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிப் போனது, நாமினேஷன், அதாவது பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் நியமிப்பது. முஸ்லிம் அல்லாதவர் மனைவியையோ பிள்ளையையோ நியமித்தால் சட்டப்படி அது அவர்களுக்கான அறக்கட்டளை (டிரஸ்ட்) ஆகிறது. பணம் சொத்துக் கணக்கில் சேராது, கடன்காரர் கை வைக்க முடியாது. புதிய பாலிசியில் என் பெயரும் பிள்ளைகள் பெயரும் போட்டாயிற்று. பழைய எண்டோமெண்டில் இன்னும் மாமியார் பெயர்தான். கல்யாணத்துக்கு முன் பிள்ளை இல்லாதபோது பெற்றோரை நியமித்தாலும் அதே அறக்கட்டளை விதிதான், மாமியார் எழுத்துமூலம் சம்மதிக்காமல் பெயரை மாற்ற முடியாது. பட்டர்வொர்த்துக்குத் தாளைக் கொண்டுபோனோம். மாமியார் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். “எம் பேர எடுக்கறதுக்கு எங்கிட்டயே கையெழுத்தா?” என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுத்தார். மீன் குழம்பும் கட்டிக் கொடுத்தார்.

மெடிக்கல் கார்டு இன்னும் பாக்கி. அதற்கு அண்ணனிடமே போகலாம் என்றிருக்கிறேன். இராத்திரியில் மருத்துவமனையில், செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதத்துக்கு அலையும்போது கூப்பிட ஒரு ஆள் வேண்டும், அதில் இணையத்தளம் உதவாது. முதலீடு சேர்க்காத தனிக் கார்டுக்கு விலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். “பார்த்து அனுப்புறேம்மா” என்றார். இன்னும் வரவில்லை.